தம்பிக்குச் சொன்ன விலை

எங்கள் வீட்டில் யாருக்கும் பேரம் பேசத் தெரியாது. அப்பா வயல்வேலைக்குக் கூலியாகப் போனவர். கொடுத்ததை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு வந்துவிடுவார். அம்மா கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்குவாள், கட்டுப்படியாகாது என்று பட்டால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுவாள். விலையைப் பற்றி வாய் திறப்பது வம்புக்குப் போவது மாதிரி என்று நினைத்தே நான் வளர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். கல்லூரி, அதற்கு மேல் ஆராய்ச்சிப் படிப்பு என்று மதுரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பெரியார் பேருந்து நிலையத்தில் கைக்குட்டை விற்பவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததற்குக் காரணம் இருந்தது.

பேரம் என்றால் என்னவென்று எனக்குக் காட்டியவர் எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒருவர். மதுரைக்காரர்கள் எல்லோரும் கூடுதல் விலை சொன்ன மனிதர் அவர்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. அவருடைய ஊரில் கல்லூரி ஆசிரியர். இங்கே கண்மாய்ப் பாசனம் பற்றி ஆராய்ச்சி செய்ய உதவித்தொகையில் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய தமிழ் விடுதி மெஸ்ஸிலும் டீக்கடையிலும் கற்றது. வகுப்பில் பேசுகிற தமிழ் ஒரு வார்த்தை வராது, 'எம்புட்டுண்ணே' மட்டும் சுத்தமாக வரும். அதைக் கேட்டுக் கடைக்காரர்கள் பூரித்துப்போவார்கள். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். சேர்ந்து நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு விலையை இரண்டு மடங்காகச் சொல்வார்கள்.

எனக்குத்தான் வயிறு எரியும். வாழைப்பழத்துக்கு ஒரு விலை, ஆட்டோவுக்கு ஒரு விலை, முடிவெட்டக்கூட ஒரு விலை. கறுத்த மனிதர், என்னுடைய உதவித்தொகையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக வாங்குகிறவர், அதிலும் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறவர். வெளிநாடு என்ற ஒரு சொல் போதும், அவர் சட்டைப்பையில் டாலர் இருப்பதாக எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஒருநாள் பொறுக்க முடியாமல், உங்களுக்குக் கோபமே வராதா அண்ணே என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவருடைய அம்மா அங்கே சந்தையில் மிளகாய் விற்கிறவராம். காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அம்மா சொல்கிற விலையைக் கேட்டால் எனக்கு மயக்கமே வந்துவிடும் என்றார்.

"இன்னைக்கு வந்துட்டுப் போறவனுக்கு ஒரு வெலை, தம்பி. நாளைக்கும் வாரவனுக்கு வேற வெலை. நான் நாளைக்கும் வாரேன்னு அவுகளுக்குத் தெரியணும். அம்புட்டுத்தான்."

அவர் செய்ததும் அதைத்தான். விலையைக் கேட்பார், கடையில் இருக்கிற ஏதாவது ஒன்றின் மேல் உட்கார்ந்துகொள்வார், கடைக்காரரின் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார், ஒன்றும் வாங்காமல் நாளைக்கு வாரேன் என்று எழுந்து வருவார். சொன்னபடி மறுநாள் போவார். பழக்கடைக்காரர் சலித்துப்போய் ஊர் விலைக்கு வந்தார். தையல்காரர் வந்தார். எங்கள் துறை வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவரிடம் பேசுவதற்கு நடந்துபோவதே சுலபம் என்று அண்ணன் நடந்தார். இதையெல்லாம் நான் ஒரு அடி தள்ளி நின்று, ஏதோ கழைக்கூத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில்தான் வீடு தேட வேண்டி வந்தது. அவருடைய மனைவியும் மகளும் மதுரைக்கு வருவதாக முடிவாகி, விமானச் சீட்டும் எடுத்துவிட்டார்கள். அவர் கிளம்பி வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை இப்போது செல்போன் திரையில் முழு வாக்கியமாகப் பேசி அவரைக் கேள்வி கேட்டது. விடுதியில் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. அவர்கள் வருவதற்குள் வீடு கிடைக்கவில்லை என்றால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். இன்னொரு தடவை எடுக்கப் பணம் கிடையாது. அப்புறம் ஆராய்ச்சி முடிந்து அவர் ஊர் திரும்பும்வரை மகளைத் திரையில்தான் பார்க்க வேண்டும். வீடு தேட நான் கூட வருகிறேன் என்று சொன்னேன். உள்ளூர்க்காரன் ஒருவன் கூட இருந்தால் ஏமாற்ற மாட்டார்கள் என்று உண்மையிலேயே நம்பினேன்.

முதலில் கோச்சடையில் ஒரு வீடு. வைகைப் பக்கம், மாடியில் இரண்டு அறை. வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும், மரியாதையாக அறிமுகம் செய்தால் காரியம் நடக்கும் என்று எண்ணி, சார் அங்கே காலேஜ் புரொபசர், இங்கே பெரிய ஆராய்ச்சி செய்கிறார் என்று சொல்லிவைத்தேன். படிப்புக்கு எல்லோரும் எழுந்து நின்று வழிவிடுவார்கள் என்று நினைக்கிறவன் என்னைப்போல் முதல் தலைமுறைக்காரன்தான். வீட்டுக்காரர் புரொபசர் என்ற சொல்லைக் காதில் வாங்கி, அண்ணனைத் தலை முதல் கால் வரை பார்த்து, வாடகை பதினஞ்சாயிரம் என்றார். அட்வான்ஸ் பத்து மாதம். கீழே இறங்கும்போது என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய், முடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை எனக்கு என்று காதோடு சொன்னார். என்னைப் புரோக்கர் என்று நினைத்துவிட்டார்.

இதைச் சொன்னதும் தெருவில் நின்று அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நியாயமாகப் பார்த்தால் அந்த ஒரு மாத வாடகையை வாங்கித் தனக்குத் தந்திருக்க வேண்டும் என்றார்.

அதன் பிறகு ஒரு யோசனை செய்தோம். வீடு வாடகைக்கு என்று தொங்குகிற போர்டில் இருக்கிற எண்ணுக்கு முதலில் நான் பேசுவது, ஊர்க்காரனுக்குச் சொல்கிற வாடகையைத் தெரிந்துகொள்வது, அப்புறம் அவரை அழைத்துப்போவது.

அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் தனி வீடு ஒன்று இருந்தது. தரையோடு இருக்கிற வீடு, முன்னால் குழந்தை ஓடியாட இடம், வேப்பமரம், வாசலில் ஷேர் ஆட்டோ. போர்டைப் பார்த்ததுமே அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. எதிர்த்த டீக்கடையில் நின்றபடியே போன் செய்தேன். பட்டறைக்காரர் நல்ல குரலில் பேசினார். ஏழாயிரம் வாடகை, அட்வான்ஸ் நாற்பது, தண்ணிப் பிரச்சினை கிடையாது. படிக்கிற பையன் என்றதும் சந்தோஷப்பட்டார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அங்கே எந்தத் தெரு என்று கேட்டார். அதையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்பது வீட்டு எண் தெரிந்துகொள்வதற்கு அல்ல. காலனி என்று சொன்னால் ஆள் யாரென்று விளங்கிவிடும், மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்காது.

"அடடா. காலைலதான் தம்பி ஒரு பார்ட்டிக்கு முடிச்சுக் குடுத்தேன். போர்டக் கழட்ட மறந்துட்டேன்."

நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீடு முடிந்துவிட்டதாம் அண்ணே என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். போர்டு இன்னும் தொங்குகிறதே என்று சாலையைக் கடந்து பட்டறைக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் குழப்பம். வீடு இருக்கிறது, உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார்கள், பதினாலாயிரம் கேட்கிறார்கள் என்றார்.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. போனில் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று சொன்னேன். தெரு என்றால் என்ன அர்த்தம் என்பதை அவருக்கு விளங்கவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இது எனக்குப் புதிதல்ல. யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டாவது தடவை கூப்பிடும்வரை வாசலிலேயே நிற்கிறவன் நான். அவர் காலி டம்ளரை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"எனக்கு டபுள் வெலையாவது சொன்னாரு. ஒங்களுக்கு வெலையே இல்லையா, தம்பி?"

அதுவரை எனக்கு அது அப்படித் தோன்றியதே இல்லை. எனக்குக் கிடைக்காத வீடுகளை நான் கிடைக்காத வீடுகள் என்று மட்டும்தான் நினைத்துவந்தேன்.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போனார். அதற்கு மறுநாளும். நான் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இரும்புத் துண்டுகள் அடுக்கிய பெட்டியின் மேல் அண்ணன் உட்கார்ந்து, கடைசல் எந்திரம் சுற்றுவதைப் பார்த்தபடி, பட்டறைக்காரரின் காளையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் வீட்டில் வளர்த்த காளை ஒன்று ஜல்லிக்கட்டில் யாருக்கும் பிடிபடாமல் ஓடிய கதையை அவர் தினமும் சொல்ல, இவர் தினமும் முதல்முறை கேட்பதுபோல் கேட்டார். எத்தியோப்பியாவில் வரிசையாக நிறுத்திய மாடுகளின் முதுகு மேல் ஏறி ஓடுகிற வழக்கம் ஒரு பக்கத்தில் உண்டென்று இவர் சொன்னதும், பட்டறையில் வேலை செய்த அத்தனை பேரும் எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். பதினாலு பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டு பத்து ஆயிற்று. ஒன்பதரை. ஒன்பது. விலை என்பது மேலே இருந்து விழுகிற ஒன்று என்று எண்ணியவன் நான். அதை ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, சிரித்துக்கொண்டே, படிப்படியாகக் கீழே இறக்குகிறார். அதுவும் அவருக்குச் சொந்தமில்லாத ஊரில், சொந்தமில்லாத பாஷையில்.

எட்டாயிரம் என்று வந்த அன்று, சாலைக்கு அந்தப் பக்கமிருந்து கையசைத்து என்னைக் கூப்பிட்டார். நான் தயங்கினேன். மறுபடியும் கூப்பிட்டார். பட்டறை வாசலில் போய் நின்றேன். பட்டறைக்காரர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஏழுண்ணே," என்றார் இவர்.

"ஏழுன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"நீங்கதான். என் தம்பிக்கு போன்ல சொன்னீக. தம்பிக்குச் சொன்ன வெலைய எனக்குக் குடுங்க."

பட்டறைக்காரர் கழுத்தில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் சேர்த்து டீ சொன்னார். ஏழுக்கே தருகிறேன், அதற்கு மேல் ஒரு பைசா வேண்டாம் என்றார். குடும்பத்தோடு வந்து நன்றாக இருங்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் நிற்பது அவருக்கு மறந்துவிட்டதோ, அல்லது எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாரோ தெரியாது.

"ஒண்ணு மட்டும்ணே. அக்கம்பக்கம் எல்லாம் நம்ம ஆளுக. நீங்க மட்டும்னா ஒண்ணுமில்ல. கண்டவுக வந்து போறது, பொழங்குறதுன்னா நாளைக்கு எனக்குப் பேச்சு வரும்."

"கண்டவுகன்னா?"

அவர் பார்வை ஒரு தடவை என் மேல் பட்டுத் திரும்பியது.

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அந்த வேப்பமரத்தடியில் மகள் விளையாடுவதை அவர் எத்தனை தடவை மனதுக்குள் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் வீட்டின் படத்தை மனைவிக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் வர இன்னும் சில நாட்களே இருந்தன. சரி என்று சொல்லிவிடுங்கள், நான் வெளியிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாலேயே சொன்னேன். பழகிய காரியம்தானே, எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வீடு வேணாம்ணே. டீ நல்லா இருந்துச்சு. வாரேன்."

கோபமே இல்லாத குரல். பட்டறைக்காரருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார், வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு, என் முதுகில் கைவைத்து நடத்திக் கூட்டிவந்தார். எனக்காக ஒருவர் ஒரு வீட்டை விட்டுவிட்டு வருவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பஸ்ஸில் ஏறியதும் சண்டை போட்டேன். இப்படிச் செய்துவிட்டீர்களே, சீட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு ஆட்கள் வரும்போது மகள் யார் மடியில் உட்காரலாம், யார் மடியில் உட்காரக் கூடாது என்று தான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டார்.

பழங்காநத்தத்தில் இறங்கியதற்குக் காரணம், பஸ் நெரிசலில் நின்ற இடத்தில் ஒரு மாடிக் கைப்பிடியில் போர்டு தொங்கியது கண்ணில் பட்டதுதான். கீழே மாவுக்கடை. இரண்டு பெரிய கிரைண்டர் ஓட, ஒரு அக்கா நின்றுகொண்டு இட்லி மாவை அள்ளி அள்ளிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மிகவும் களைத்திருந்தார். கடைக்கு வெளியே நிழலில் நின்றுகொண்டார். அன்று அவர் பேசமாட்டார் என்று எனக்குப் புரிந்தது.

மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு சின்ன அறை, சமையல்கட்டுக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மரம் கிடையாது. மொட்டை மாடி பாதி உண்டு. அக்காவிடம் வாடகை கேட்டேன். அவர் வெளியே எட்டிப் பார்த்தார், யாருக்கு வீடு என்று கேட்டார், சொன்னதும் ஒன்பதாயிரம் என்றார்.

எப்போதும்போல் என் கால் வாசலைப் பார்த்துத் திரும்பியது. அதைப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்தில் அரிசி மூட்டை ஒன்று கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எப்படியும் கேட்கப்போகிறார்கள், முதலிலேயே சொல்லிவிடுவோம் என்று, என் ஊரைச் சொல்லி, அங்கே நாங்கள் காலனி என்றும் சொன்னேன். நான் இந்த வீட்டுக்கு அடிக்கடி வருவேன், சாப்பிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அக்கா அகப்பையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் வாடகையச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ என்னடா தெருவச் சொல்லிக்கிட்டு இருக்க? ஒம்பது முடியுமா முடியாதா? மாவு புளிக்குது."

கடையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஏழு என்றேன். மேலே போய்க் காற்று எப்படி வருகிறதென்று பார்த்தாயா என்று கேட்டார்.

"பாத்தேங்க்கா. சமையக்கட்டு ஷீட்டையும் பாத்தேன். சித்திரை மாசம் மாவ மேல கொண்டுபோய் வச்சா அடுப்பே வேணாம், இட்லி தானா வெந்துரும்."

என் வாழ்க்கையில் விலையை எதிர்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அது. அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டு எட்டு என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் யாவாரத்தைப் பார்த்தார், நான் மூட்டை மேல் இருந்தேன். அவருடைய மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டேன். பதினொன்றாம் வகுப்பாம், கணக்கு வராதாம். கணக்கு நான் சொல்லித்தருகிறேன் என்று சொல்லலாமா என்று நினைத்து, சொல்லவில்லை. அது பேரத்தில் சேராது என்று பட்டது. பிறகு சொன்னேன், வாடகை முடிந்த பிறகு. முடிந்தது ஏழாயிரத்து ஐந்நூறுக்கு.

"ஏழு வீட்டுக்கு. அஞ்சூறு தண்ணிக்கு. வெளிநாட்டு ஆளுக எம்புட்டுத் தண்ணி பொழங்குவாகளோ, யாரு கண்டா?"

நிழலில் நின்றவர் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"சரிக்கா. அது வெளிநாட்டு அஞ்சூறு."

"ஆமா. நீங்க வெளிநாடுதான?" என்றார் அக்கா. ஒளிவுமறைவில்லாமல் முகத்துக்கு நேராகச் சொன்ன அந்த ஐந்நூறு இருவருக்குமே பிடித்துப்போனது. இன்றுவரை அது குறையவும் இல்லை, ஏறவும் இல்லை. வெளிநாட்டவர் தங்குவதைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும், எத்தனையோ வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லியே வாடகையை ஏற்றியிருந்தார்கள். அதற்கான இணையப் படிவத்தை நிரப்ப அக்கா தன் செல்போனை என்னிடம் நீட்டி, என்ன அடிக்கணுமோ அடி என்று சொல்லிவிட்டு மாவு அள்ளப் போனார்.

அவர்கள் மும்பை வழியாக ஒரு மதியம் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அண்ணன் மகளைத் தூக்கியதும், அந்தக் குழந்தை அவரை அறிந்த முகமாக இல்லாமல், முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. திரைக்குள் இருந்தவர் இவர்தானா என்று சோதிக்கிற மாதிரி. அவருடைய மனைவி நின்று அழுதார். நான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து டாக்சி கேட்டேன். டாக்சிக்காரர் எனக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துவிட்டு ஆயிரத்து இருநூறு என்றார். இருக்கிறதிலேயே பெரிய பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

"அண்ணே, பெட்டி ஒடஞ்சுரும்ணே," என்றார் டாக்சிக்காரர்.

உடைந்தால் உடையட்டும், எனக்கு அவசரமில்லை என்றேன். அவருடைய வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று விசாரித்தேன். அண்ணன் மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊர் விலைக்குத்தான் ஏறினோம்.

வழியில் அவனியாபுரம் வந்தது. லேத் பட்டறைக்குப் பக்கத்தில் அந்த போர்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் வாசலில் நின்றிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி அசைத்தார். பட்டறைக்காரர் யாரென்று யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டு, தூக்கிய கையோடு அப்படியே நின்றார். அண்ணன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். நல்ல காளை வளர்த்தவர் என்று சொன்னாராம்.

பழங்காநத்தத்தில் குழந்தை என் தோளில் தூங்கிவிட்டிருந்தது. அக்கா கையெல்லாம் மாவோடு வெளியே வந்து, வாம்மா என்று அண்ணன் மனைவியைக் கூப்பிட்டு, மாவுக் கையாலேயே கன்னத்தைத் தொட்டுவிட்டு, சட்டென்று தன் முந்தானையால் துடைத்துவிட்டார். நான் மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே போய், குழந்தையைப் பாயில் படுக்கவைத்தேன்.